அப்பாவின் துப்பாக்கி இன்னும் பீரோவில் இருக்கிறதா?

கேள்வி: அப்பா தோட்டத்துக்கு வரும் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸோடு இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது, துப்பாக்கி பீரோவிலேயே இருக்கிறது. லைசென்ஸ் முடிய இன்னும் இரண்டு வருடம் இருப்பதால் அதுவரை வைத்துக்கொள்ளலாமா? சித்தப்பா மகன் வேறு, காதுகுத்து அன்று வானத்தைப் பார்த்து இரண்டு வெடி வெடிக்கலாம் என்கிறான்.

பதில்: வைத்துக்கொள்ளக் கூடாது. லைசென்ஸ் அப்பாவுக்குக் கொடுத்தது, வீட்டுக்குக் கொடுத்ததல்ல. அவர் போன பிறகு அதில் எத்தனை வருடம் மீதி இருந்தாலும் உங்களுக்குச் செல்லாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்து மாட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

இன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம், எட்டு மாதமாக யாரும் தொடாத துப்பாக்கியைத் தெரிந்தவர்தான் கையாள வேண்டும். லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள், அதில் துப்பாக்கி எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் இருக்கட்டும்.

அப்புறம், வேண்டுமென்றால் வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் அதற்கு வழி இருக்கிறது. மாவட்டத்தில் கலெக்டரிடமும் மாநகரத்தில் போலீஸ் கமிஷனரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் கேட்பார்கள், போலீஸ் விசாரணை நடக்கும். பரம்பரைத் துப்பாக்கி என்றாலும் ஒருவருக்கு இரண்டுதான். வேண்டாம் என்றால் உரிமம் உள்ளவருக்கு முறைப்படி விற்றுவிடலாம். ஆனால் ஒப்படைத்துவிட்டு அப்படியே மறந்துவிட்டால், கெடு தாண்டியதும் அரசு பறிமுதல் செய்துவிடும்.

காதுகுத்து விஷயத்தில் தம்பியிடம் கண்டிப்பாகவே சொல்லிவிடுங்கள். விசேஷ வீட்டில் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது 2019 முதல் தனிக் குற்றம், 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மேலே போகிற குண்டு கீழே வந்துதானே தீரும், பந்தலுக்குள் யார் தலையில் என்று யாருக்குத் தெரியும்?

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குத் தண்டனை மட்டும் காரணமல்ல. துக்கம் நடந்த வீடு, அம்மா தனிமையில் தவித்துக்கொண்டிருக்கலாம், பிள்ளைகளுக்கும் பீரோ சாவி எங்கே என்று தெரிந்திருக்கலாம். கோபமோ விரக்தியோ ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும், துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அந்த ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டிய இடமும் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தேசியப் பதிவேட்டில் தனி அடையாள எண் இருக்கிறது. லைசென்ஸ்தாரரின் இறப்பு பதிவானதுமே அந்த எண்ணை வைத்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் போய், அவர்களே வீட்டுக்கு வந்து துப்பாக்கியை வாங்கிக்கொள்ளும்படி விதி செய்ய வேண்டும்.