சாமி இல்லாத கல்யாணத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஐயரும் சாமியும் இல்லாமல் நடத்தும் சீர்திருத்தத் திருமணம் பற்றி, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். கேட்டவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எடுத்துவிட்டேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பாத ஒன்றின் முன்னால் நின்று வாழ்க்கையைத் தொடங்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அதே நேரத்தில், கொள்கையின் பெயரால் பதிவை அலட்சியப்படுத்தும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

ஐயர் இல்லாமல், ஓமம் இல்லாமல் மண்டபத்தில் திருமணம் செய்யப்போகிறோம். மூத்த நண்பர் ஒருவர் தலைமை தாங்குவார். நாங்கள் உறுதிமொழி படித்து, மாலை மாற்றி, தாலி கட்டிக்கொள்வோம். தமிழ்நாட்டில் இது செல்லும் என்கிறார்கள். இங்கே?

அதை மட்டும் செய்தால் இங்கே செல்லாது, தம்பி.

தமிழ்நாட்டில் செல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதற்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இத்தகைய திருமணங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. அண்ணா முதலமைச்சரான 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உற்றார் உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று சொல்வது, மாலை அல்லது மோதிரம் மாற்றுவது, தாலி கட்டுவது ஆகியவற்றில் ஒன்று போதும் என்றது அந்தப் பிரிவு. முன்பு நடந்த திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது. ஆனால் அது தமிழ்நாட்டுச் சட்டம். கடல் தாண்டி நம்மிடம் வராது.

இங்கே முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உரியது 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அந்த நாள் முதல், இந்தச் சட்டம் காட்டும் வழியில் அல்லாமல் எந்த மத முறையிலும் வழக்கத்திலும் திருமணம் நடத்தக் கூடாது என்று அதன் 5ஆவது பிரிவு சொல்கிறது. வழிகள் இரண்டு: பதிவதிகாரி முன்னிலையில் செய்துகொள்வது, அல்லது துணைப் பதிவதிகாரியாக நியமிக்கப்பட்டவர் கோவிலிலோ தேவாலயத்திலோ நடத்திவைப்பது. மதம் சாராத கொள்கை அமைப்புக்கு அப்படி ஒரு தனி இடத்தைச் சட்டம் தரவில்லை. கோவில் குருக்களுக்குக் கிடைக்கும் அதிகாரம் உங்கள் நண்பருக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. நானும் கேட்கிறேன்.

ஆனாலும் கதவு மூடவில்லை. பதிவதிகாரி அலுவலகத்தில் நடக்கும் திருமணத்தில் சாமி பெயரை ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. மந்திரம் இல்லை, வேத வாக்கியம் இல்லை. சுய விருப்பத்தோடு வந்திருக்கிறீர்களா என்று பதிவதிகாரி கேட்பார். நம்பத்தகுந்த சாட்சிகள் இருவர் இருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்துத்தான் நடத்த வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி அது. முன்கூட்டியே விண்ணப்பம் கொடுங்கள். உங்கள் அறிவிப்பு 21 நாள் பலகையில் இருக்கும். அறிவிப்புக் கொடுத்து ஆறு மாதத்துக்குள் திருமணத்தை முடித்துவிட வேண்டும். சிறப்பு அனுமதி பெற்றால் அலுவலகத்துக்கு வெளியிலும் நடத்தலாம்.

நான் சொல்லும் யோசனை: கோலகங்சாரிலோ ஈப்போவிலோ பதிவை முதலில் முடியுங்கள். பிறகு மண்டபத்தில் உங்கள் விருப்பம்போல் நடத்துங்கள். நண்பர் தாராளமாகத் தலைமை தாங்கட்டும், வாழ்த்தட்டும். சட்டப்படி மணம் முடித்துவைக்கும் அதிகாரம் தமக்கு இருப்பதுபோல் மட்டும் அவர் பேசக் கூடாது.

2006இல் என் கணவர் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் எனக்குத் தாலி கட்டினார். மூன்று பிள்ளைகள். பதிவு செய்யவே இல்லை. "மனசுதான் முக்கியம், காகிதம் எதற்கு" என்கிறார் கணவர். இவ்வளவு ஆண்டு ஓடிவிட்டதே, இனி அவசியமா அம்மா?

அவசியம், அக்கா. அடுத்த வாரமே போங்கள்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை செய்தவர், விபத்தில் போய்விட்டார். அந்தப் பெண் என் மேசை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஓரத்தில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ், கனத்த ஆல்பம், கோவில் கமிட்டி கொடுத்த ரசீது. ரசீதில் மண்டபக் கட்டணமும் மேளக் கட்டணமும் தனித்தனியாக எழுதியிருந்தது. திருமணச் சான்றிதழ் மட்டும் இல்லை. சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திலும் ஊழியர் சேமநிதியிலும் அதைத்தான் கேட்டார்கள். ஊர் முழுக்க அவரைக் கணவரின் பெயர் சொல்லி இன்னார் சம்சாரம் என்றுதான் அழைத்தது. அலுவலக முகப்பில் அந்த அழைப்பு எடுபடவில்லை.

கணக்கையும் பாருங்கள். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், 1958ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, பெற்றோரும் பிள்ளைகளும் இருக்கும் நிலையில், மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. சட்டம் உங்களை மனைவியாக ஏற்றால்தான் அந்தக் கால் பங்கு. பெண் வெளிநாட்டவராக இருந்தால் நிலைமை இன்னும் கொடியது. பதிவு இல்லாத உறவில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாய் வழியில்தான் பார்க்கப்படும். தந்தை மலேசியராக இருந்தும் அடையாள அட்டை இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள்.

இப்போது பதிந்தால் சட்டப்படி உங்கள் திருமண நாள் பதிவு நாள்தான். 2006 திரும்பி வராது. ஆனால் பெற்றோர் பின்னால் மணந்துகொண்டால், முன்பு பிறந்த பிள்ளைகளுக்கும் சட்டத் தகுதி கிடைக்க 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி செய்கிறது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நானும் என் தாய்மாமாவும் விரும்புகிறோம். இரு வீட்டிலும் சம்மதம். இருவரும் பகுத்தறிவாளர்கள்; இந்து என்று எழுத விருப்பமில்லை. சிக்கல் வருமா?

வரும். ஒருவர் தம்மை எந்த மதத்தவர் என்று சொல்கிறார் என்பது, முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தில் பெரும்பாலும் பொருட்டே இல்லை. உங்கள் விஷயம் விதிவிலக்கு.

1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 11ஆவது பிரிவு நெருங்கிய இரத்த உறவுகளைத் தடுக்கிறது. மாமன், மருமகள் உறவும் அதில் அடங்கும். நம் வழக்கத்தை மனத்தில் வைத்து ஒரு விலக்கும் தந்திருக்கிறது: ஓர் இந்து, இந்து சட்டம் அல்லது வழக்கப்படி, தம் அக்காள் தங்கை மகளையோ தாயின் சகோதரனையோ மணப்பதற்குத் தடையில்லை. நிபந்தனை இரண்டு என்பதைக் கவனியுங்கள். இந்துவாக இருக்க வேண்டும், இந்து முறையில் மணக்க வேண்டும். மதமே இல்லை என்று எழுதி, வெறும் பதிவுத் திருமணமாகச் செய்தால் அந்த விலக்கின் நிழல் உங்களுக்குக் கிடைக்காது. திருமணமே செல்லாமல் போகும் ஆபத்து உண்டு.

அதே பிரிவில் இன்னொரு வழி இருக்கிறது. இருதரப்புக்கும் பொருந்தும் சட்டத்துக்கோ மதத்துக்கோ வழக்கத்துக்கோ அந்தத் திருமணம் முரணானதல்ல என்று மனநிறைவு கொண்டால், மாநில முதலமைச்சரான மந்திரி பெசார் உரிமம் தரலாம். அது அவர் விருப்பத்துக்கு உட்பட்டது. விண்ணப்பிக்க விரும்பினால் வழக்கறிஞர் ஒருவரை வைத்துச் செய்யுங்கள். உரிமம் கைக்கு வரும்வரை அழைப்பிதழ் அச்சடிக்காதீர்கள். நெருங்கிய இரத்த உறவில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், பகுத்தறிவாளர்களாகிய நீங்கள் மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அத்தை மகன், மாமன் மகள் என்றால் இந்தத் தடை கிடையாது. அந்த முறைப்பிள்ளைகள் கவலையை விடலாம்.

ஒரே மகன். கோவிலில் தாலி கட்ட மாட்டேன் என்கிறான். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்துக்குத் திருவிழாவில் உபயம் இருக்கிறது. ஊர் முகத்தில் எப்படி விழிப்பேன்? நாளை வேறு மதத்துக்கும் போய்விடுவானோ என்று தூக்கமில்லை.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் வரியைவிடக் கடைசி வரிதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. பக்கத்து ஈப்போவில் ஒரு தாய், இந்திரா காந்தி, தமக்குத் தெரியாமல் மதம் மாற்றப்பட்ட மூன்று பிள்ளைகளுக்காக நீதிமன்றம் ஏறினார். தாய், தந்தை இருவர் சம்மதமும் இல்லாமல் பிள்ளையை மதம் மாற்ற முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 ஜனவரியில்தான். அதைப் பார்த்து வளர்ந்த வீடுகளில், மகன் "எனக்கு மதம் வேண்டாம்" என்றால் "நம்மை விட்டுப் போகிறேன்" என்றே தாய் காதில் விழுகிறது. உங்கள் மகன் அதைச் சொல்லவில்லை. மத நம்பிக்கை இல்லாதவர் இன்னொரு மதத்தை நோக்கி நடப்பவர் அல்லர். அவர் பெயர் மாறவில்லை, மொழி மாறவில்லை, உங்கள் மகன் என்பதும் மாறவில்லை.

தோட்டத்துக் கோவில் வழிபாட்டுக்கு மட்டும் உரியது அன்று என்பதை நான் அறிவேன். பால்மரம் வெட்டிய கைகள் காசு சேர்த்து எழுப்பியது அது. லயத்துக்கு லயம் சண்டையாக இருந்தாலும் தேர் இழுக்க எல்லாரும் வருவார்கள். அங்கே ஒரு வீடு காணாமல் போனால் ஊர் கேட்கும். இதை மகனும் புரிந்துகொள்ள வேண்டும். கொள்கை பேசுகிறேன் என்று உங்கள் கும்பிடைக் கேலி செய்தால் அவர் பக்கம் நான் நிற்க மாட்டேன்.

ஆனால் நம்பாதவரை மணவறையில் உட்காரவைத்து, ஐயர் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வைத்தால் யாருக்கு என்ன நிறைவு? சீர்திருத்தத் திருமணம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. பெரியார் 1929 டிசம்பரிலேயே மலாயா வந்தார். அதற்குப் பிறகு திருக்குறள் ஓதி, பெரியவர் ஒருவர் தலைமையில் மாலை மாற்றிய திருமணங்கள் தோட்டங்களில் நடந்திருக்கின்றன. உங்கள் மாமனார் தலைமுறையில் விசாரித்துப் பாருங்கள், யாராவது ஒருவர் இருப்பார். வீட்டில் பந்தக்கால் நட்டு, நலங்கு வைத்து, உங்கள் பூசையை நீங்கள் செய்யுங்கள். திருமண மேடையை மகனுக்கும் மருமகளுக்கும் விட்டுவிடுங்கள். உபயம் உங்கள் பெயரில் தொடரட்டும். மகன் அன்று வந்து அன்னதானத்துக்குச் சட்டி தூக்கினால் எந்தக் கொள்கையும் கெடாது.

மகள் கிளாஸ்கோவில் படித்து அங்கேயே வேலை செய்கிறாள். மதம் சாராமல் மணம் நடத்திவைக்கும் மனிதநேய (ஹியூமனிஸ்ட்) அமைப்பின் வழியாகத் திருமணமாம். இங்கே ஏற்பார்களா?

ஏற்பார்கள். ஸ்காட்லாந்தில் 2005 முதல் மனிதநேயத் திருமணத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு. அயர்லாந்துக் குடியரசு 2012இல் சட்டம் இயற்றியது. வட அயர்லாந்தில் ஒரு தம்பதியர் வழக்குத் தொடுத்து, 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் வழியைத் திறந்தார்கள்.

நடந்த நாட்டின் சட்டம் ஏற்கும் முறையில் இருந்து, மணமக்கள் இருவருக்கும் மணக்கும் தகுதியும் இருந்தால் வெளிநாட்டுத் திருமணத்தை நம் சட்டம் ஏற்கிறது. திருமணமான ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்திலும் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதற்குள் ஊர் திரும்பிவிட்டால் இங்கே பதியலாம்.

ஒரே எச்சரிக்கை: இடத்தை லண்டனுக்கு மாற்றினால் கதை வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மனிதநேயச் சடங்கு மட்டும் போதாது. தனியே அரசுப் பதிவும் வேண்டும். அங்கீகரிக்க அமைச்சருக்கு அதிகாரம் தரும் சட்டம் 2013இலேயே வந்தது, அது பயன்படுத்தப்படவில்லை. ஆறு தம்பதியர் தொடுத்த வழக்கில், இது பாகுபாடுதான் என்று 2020இல் உயர் நீதிமன்றம் சொல்லியும் நிவாரணம் தரவில்லை. சட்டத்தை மாற்றப்போவதாக 2025 அக்டோபரில் அரசாங்கம் அறிவித்தது. மகள் அறிவிப்பை நம்பி நாள் குறிக்க வேண்டாம்; அன்று நடப்பில் இருக்கும் சட்டத்தைப் பார்த்துக் குறிக்கட்டும்.

நான் விரும்புபவர் தமிழ் முஸ்லிம். அவருக்கு மத நம்பிக்கை இல்லை, எனக்கும் இல்லை. மதம் பாராமல் பதிவுத் திருமணம் செய்ய முடியுமா?

முடியாது, தங்கச்சி. இதைச் சுற்றி வளைத்துச் சொன்னால் உங்களுக்குத் துரோகம் செய்தவள் ஆவேன். 1976ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. மனத்தில் நம்பிக்கை இல்லை என்பதால் சட்டத்தின் பார்வையில் அவர் முஸ்லிம் அல்லாதவர் ஆகிவிட மாட்டார். இஸ்லாத்தை விட்டு விலகிய லினா ஜாய் என்ற பெண்ணின் வழக்கில், அடையாள அட்டையிலிருந்து இஸ்லாம் என்ற சொல்லை நீக்க ஷரியா நீதிமன்றத்தின் ஆணை வேண்டும் என்று 2007இல் கூட்டரசு நீதிமன்றம் முடிவு செய்தது. வெளிநாட்டில் மணந்து வந்தாலும், நம் சட்டப்படி இருவருக்கும் தகுதி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை குறுக்கே நிற்கும். இந்த நிலை எனக்கு வருத்தம் தருகிறது. முடிவெடுக்கும் முன், சிவில் சட்டமும் ஷரியா சட்டமும் தெரிந்த வழக்கறிஞரை இருவரும் சேர்ந்து போய்ப் பாருங்கள். காதலின் வேகத்தில் எந்தப் பாரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். மதம் மாறுவது எளிது, திரும்புவது எளிதன்று.

பாரத்தில் "மதம்" என்ற இடத்தில் என்ன எழுதுவது? "மதம் இல்லை" என்றால் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டுக்கு விரோதமா?

உண்மையை எழுதுங்கள். திருமண விண்ணப்பத்தோடு நீங்கள் தருவது சட்டப்பூர்வ உறுதிமொழி. மணமக்கள் இருவரும் முஸ்லிம் அல்லாதவர்கள் என்றால், மேலே சொன்ன தாய்மாமன் விஷயத்தைத் தவிர, அந்தக் கட்டத்தில் என்ன எழுதினாலும் பதிவு நடக்கும். மைகாட் அடையாள அட்டையின் முகப்பில் மதம் அச்சாவது முஸ்லிம்களுக்கு மட்டுமே.

1970இல் வந்த ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடு இறை நம்பிக்கைதான். பள்ளிச் சபையில் பிள்ளைகள் அதைச் சொல்கிறார்கள். ஆனால் அது தேசியக் கோட்பாடு; மீறினால் தண்டனை என்று எழுதிய சட்டப் பிரிவு அன்று. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் 0.7 விழுக்காட்டினர் மதமற்றவர் என்று அரசாங்கமே வெளியிட்டது. முகப்பில் இருக்கும் அலுவலர் "இந்தியர்தானே, இந்து என்றே போடுகிறேன்" என்று தாமாக நிரப்ப வந்தால், பணிவாகத் தடுத்து, நீங்கள் சொன்னதை எழுதச் சொல்லுங்கள். அச்சானதும் கையெழுத்துப் போடும் முன் பெயர், அடையாள அட்டை எண், மதம் மூன்றையும் சரிபாருங்கள். பிழையைப் பின்னால் திருத்த அலைவதைவிட, அங்கேயே நின்று திருத்தி வாங்கிவிடலாம்.