வடக்கு ஜன்னலை விட்டுவிடுங்கள்

நண்பரே, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டில் வடக்கு ஜன்னலோரம் எடுக்கும் நிர்வாணப் படங்களில் நிழல் கத்திபோல் விழுகிறது, எல்லாமே சோப்பு விளம்பரம்போல் வருகிறது, மாடலும் தயங்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் ஜன்னல். 'வடக்கு ஒளி மென்மையானது' என்பது ஐரோப்பிய ஓவியர்களின் கணக்கு. நம் டர்பன் இருப்பது தென்னாப்பிரிக்காவில், பூமத்திய ரேகைக்குத் தெற்கே; இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். நமக்குத் தெற்கு ஜன்னல்தான். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் நிழல் இளகிவிடும். நான் கட்டுவது அப்பாவின் வேட்டி. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

விளம்பரச் சாயல் வேறு விஷயம். நானும் முதலில் மூன்று விளக்கு, எண்ணெய் தடவிய உடம்பு, கேமராவை முறைக்கும் முகம் என்றுதான் எடுத்தேன். ஒருநாள் ஃபிளாஷ் புகைந்துபோனது. மாடல் அலுத்துப்போய்த் திரும்பி உட்கார்ந்தார். குனிந்த முதுகில் எலும்புகள் ஒவ்வொன்றாக மேடிட்டன, இடுப்பில் பாவாடை நாடா அழுத்திய தடம். அன்றைக்கு எடுத்ததில் அந்த ஒன்றுதான் தேறியது. அதற்குப் பிறகு முகத்தையே விட்டுவிட்டேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் எடுத்த குடைமிளகாய்ப் படத்தைப் பாருங்கள், உடம்பைப் போலவே வளைந்து கிடக்கும். அப்புறம் ஒரு மாதம் நான் கத்தரிக்காயோடுதான் பழகினேன்.

மாடல் தயங்குவது நியாயம்தான். படம் எங்கெல்லாம் போகும் என்பதை ஆடை களையும் முன்பே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இடையில் கேமராவின் திரையைக் காட்டுங்கள், அவர் வேண்டாம் என்பதை அங்கேயே அழியுங்கள். சரி, ஹீட்டரையும் போட்டுவையுங்கள். ஜூலைக் குளிரில் புல்லரித்த தோல் எல்லாப் படத்திலும் தெரியும்.