எக்ஸ்ப்ளோரரில் பின் செய்த ஃபோல்டர் மற்ற மேனேஜரில் வராதது ஏன்? கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததும் நம் பக்கத்தில் பலரும் புது மெஷினுக்கு மாறிவிட்டீர்கள். மாறிய கையோடு, பழகிய ஃபோல்டர்கள் எங்கே போயின என்று தேடுகிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

காரைக்குடி, ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர்: கல்யாண ஆல்பம் ஃபோல்டர்களை எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கப் பட்டியலான குவிக் ஆக்சஸில் பின் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் வேலை எல்லாம் டோட்டல் கமாண்டர் என்ற ஃபைல் மேனேஜரில். அந்தப் பட்டியலை இதற்குள் கொண்டுவர முடியுமா?

அப்படியே கொண்டுவர முடியாது. காரணத்தைச் சொல்லிவிட்டால் மாற்று வழி தானாகப் புரியும்.

விஸ்டா, விண்டோஸ் 7 காலத்தில் ஃபேவரிட்ஸ் என்பது உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் இருந்த லிங்க்ஸ் என்ற சாதாரண ஃபோல்டர். அதற்குள் ஷார்ட்கட்டுகள், அவ்வளவுதான். எந்த ஃபைல் மேனேஜரும் உள்ளே போய்ப் படிக்கலாம். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது இதை ஓரங்கட்டிவிட்டு குவிக் ஆக்சஸைக் கொண்டுவந்தார்கள். அதன் பட்டியல், ரீசன்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் ஆட்டோமேட்டிக் டெஸ்டினேஷன்ஸ் என்ற உள் ஃபோல்டரில், எஃப்01பி4டி95 என்று பெயர் தொடங்கும் ஒரே ஒரு ஃபைலில் இருக்கிறது. நோட்பேடில் திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும். பழைய லிங்க்ஸ் ஃபோல்டர் இன்னமும் அதே இடத்தில் இருக்கிறது. இடப்பக்கப் பட்டியலுக்கும் அதற்கும் இருந்த தொடர்புதான் அறுந்துவிட்டது.

டோட்டல் கமாண்டருக்கு ஒரு சொந்தப் பட்டியல் உண்டு. கன்ட்ரோல்-டி அழுத்தினால் வரும் ஹாட்லிஸ்ட். அது வின்சிஎம்டி ஐஎன்ஐ என்ற அமைப்பு ஃபைலில் சாதாரண எழுத்தாகவே இருக்கிறது. ஆக, உங்களிடம் இருப்பவை ஒன்றையொன்று அறியாத இரண்டு பட்டியல்கள். இரண்டிலும் தனித்தனியாக நாற்பது ஐம்பது ஃபோல்டர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தால் மாளாது.

நான் பல வருடமாகச் செய்வது இது. டி டிரைவில் ‘முகப்பு’ என்று ஒரு ஃபோல்டர். நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் ஏறித்தானே வளவுக்கும் இரண்டாம் கட்டுக்கும் போகிறோம், அதே கணக்கு. அடிக்கடி போகும் ஃபோல்டர்கள் எல்லாவற்றுக்கும் ஷார்ட்கட் செய்து அதற்குள் போட்டுவிடுங்கள். டோட்டல் கமாண்டரில் ஒரு பக்கம் வேண்டிய ஃபோல்டர்களைத் தேர்ந்தெடுத்து, மறுபக்கம் முகப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப்5 அழுத்தினால் எல்லா ஷார்ட்கட்டும் ஒரே தடவையில் உருவாகும். அப்புறம் முகப்பு ஃபோல்டரை மட்டும் குவிக் ஆக்சஸில் ஒரு தடவை பின் செய்யுங்கள், ஹாட்லிஸ்டில் ஒரு தடவை சேருங்கள். ஷார்ட்கட்டின் மேல் என்டர் தட்டினால் டோட்டல் கமாண்டர் தன் ஜன்னலுக்குள்ளேயே அந்த ஃபோல்டரைத் திறக்கும். நாளைக்கு வேறு மேனேஜருக்கு மாறினாலும் ஒரே ஒரு ஃபோல்டரைத்தான் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் பின்னால் இன்னொரு பதிலிலும் சொல்வேன்: ஷார்ட்கட் நகல் ஆகாது. கல்யாணப் படங்கள் ஒரே டிஸ்கில் இருக்க, ஷார்ட்கட்டைப் பார்த்து “இரண்டு இடத்தில் இருக்கிறது” என்று நினைத்துவிடாதீர்கள்.

தேவகோட்டை, ஆடிட்டர் அலுவலகம்: சர்வரில் உள்ள டேலி டேட்டாவை இசட் டிரைவாக மேப் செய்திருக்கிறோம். ஃபைல் மேனேஜரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் மட்டும் இசட் டிரைவைக் காணோம், ஃபேவரிட்டும் திறக்கவில்லை.

மேப் செய்த டிரைவ் நீங்கள் சாதாரணமாக லாகின் செய்த அமர்வுக்குத்தான் சொந்தம். அட்மினிஸ்ட்ரேட்டர் அமர்வு வேறு, அதற்கு இசட் தெரியாது. ஃபேவரிட்டில் இசட் என்று போடாமல், இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கி சர்வர் பெயர், ஷேர் பெயர் என்று முழு முகவரியைப் போடுங்கள். அதோடு, தினசரி வேலைக்கு ஃபைல் மேனேஜரை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். கை தவறி ஒரு டெலிட் விழுந்தால் தடுக்க ஆள் இருக்காது.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள். டேலியின் கம்பெனி ஃபோல்டர்கள் வெறும் எண்ணாக இருப்பதால் எது யாருடையது என்று குழப்பம் வருகிறது என்று. ஷார்ட்கட்டுக்குக் கட்சிக்காரர் பெயரை வையுங்கள். அசல் ஃபோல்டரின் எண்ணை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள்.

பள்ளத்தூர் வாசகர்: ஃபேவரிட் வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்து தரவும்.

எந்த விண்டோஸ்? எந்த ஃபைல் மேனேஜர்? அழுத்தினால் என்ன செய்தி வருகிறது? நேற்றுவரை வேலை செய்ததா? வைத்தியரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? இந்த நாலுக்கும் பதில் எழுதி, திரையை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இதே போல இன்னும் ஆறேழு கடிதம் இருக்கிறது. அவர்களுக்கும் இதுதான் பதில்.

கானாடுகாத்தான், பழைய வீட்டில் விடுதி நடத்துபவர்: விருந்தினர் அறைப் படங்கள் எல்லாம் வெளி ஹார்டு டிஸ்கில். ஒரு நாள் ஈ, மறுநாள் எஃப் என்று எழுத்து மாறுகிறது. ஃபேவரிட் எல்லாம் உடைந்துபோகிறது.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து அந்த டிஸ்குக்கு டி-க்கு அப்பால் தள்ளி ஓர் எழுத்தை, ஆர், எஸ் மாதிரி, நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். பக்கத்து எழுத்தைக் கொடுத்தால், டிஸ்க் இல்லாத நேரத்தில் யாராவது பென் டிரைவ் செருகும்போது அது அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். ஒரு கம்ப்யூட்டரில் செய்தது அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். வரவேற்பறை மெஷினில் தனியாகச் செய்ய வேண்டும்.

கோட்டையூர் வாசகர்: புது லேப்டாப்பில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் எக்ஸ்ப்ளோரரில் நிறைந்திருக்கிறது. ஃபைல் மேனேஜரின் ஃபேவரிட்டில் போனால் காலியாக இருக்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. ஒன்டிரைவ் பேக்கப்பை ஆன் செய்தபோது டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறிவிட்டன. எக்ஸ்ப்ளோரருக்குப் புது இடம் தெரியும். உங்கள் ஃபேவரிட் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டோட்டல் கமாண்டர் என்றால் முழு முகவரிக்குப் பதிலாக, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே டாலர் குறியும் பெர்சனல் என்ற ஆங்கிலச் சொல்லும் போட்டு ஹாட்லிஸ்டில் சேருங்கள். டாக்குமென்ட்ஸ் எங்கே இடம் மாறினாலும் தேடிப் போய்விடும். டெஸ்க்டாப்புக்கும் இதே முறைதான்.

புதுவயல், அரிசி ஆலை அலுவலகம்: கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சர்வீஸ் தம்பி ஒரு கிளீனர் போட்டு ஓட்டினார். குவிக் ஆக்சஸில் பின் செய்திருந்தது அத்தனையும் போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா?

முதலில் ஆறுதல்: ஃபோல்டர்கள் எங்கேயும் போகவில்லை, பட்டியல்தான் போயிருக்கிறது. முன்பே பேக்கப் எடுத்திருந்தால் மேலே சொன்ன எஃப்01பி4டி95 ஃபைலை அதிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் போட்டு, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். பேக்கப் இல்லையென்றால் ஒவ்வொன்றாகத் தேடி மறுபடி பின் செய்ய வேண்டியதுதான்.

கிளீனர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். “சமீபத்தில் திறந்தவை”, “ஜம்ப் லிஸ்ட்” என்று ஒரு வரி இருக்கும்; பக்கத்தில் டிக் போட்டே இருக்கும். அந்த ஆட்டோமேட்டிக் டெஸ்டினேஷன்ஸ் ஃபோல்டரைக் காலி செய்வது அதுதான். நீங்கள் நேற்று எதைத் திறந்தீர்கள் என்ற தடமும், நீங்கள் கைப்பட உட்கார்ந்து பின் செய்த பட்டியலும் அந்த ஒரே ஃபோல்டரில்தான் இருக்கின்றன. கிளீனருக்கு இரண்டும் ஒன்றுதான். அழிப்பதற்கு முன் “நீங்கள் பின் செய்ததும் போய்விடும்” என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை.

எனக்கே நடந்தது. ஊர் ஊராகப் போய்ப் பழைய வீடுகளைப் படமெடுத்துக்கொண்டிருந்த நேரம். ஆத்தங்குடித் தளம் ஒரு ஃபோல்டர், பர்மாத் தேக்குத் தூண் ஒன்று, நிலைக்கதவு ஒன்று என்று எழுபதுக்கு மேல் பின் செய்து வைத்திருந்தேன். லேப்டாப்பின் கீபோர்டை மாற்ற மட்டும்தான் ஒரு கடையில் கொடுத்தேன். கீபோர்டை நன்றாகவே மாற்றினார்கள். கூடவே, நான் கேட்காமலேயே, “கிளீன் பண்ணிக் கொடுத்திருக்கோம் சார்” என்றார்கள். வீட்டில் வந்து திறந்தால் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ். வேறொன்றும் இல்லை. எந்த ஊர் எந்த டிஸ்கில் என்று தேடி மறுபடி அடுக்க இரண்டு நாள் ஆனது. முகப்பு ஃபோல்டர் முறைக்கு நான் வந்ததே அதற்குப் பிறகுதான். டி டிரைவில் இருக்கும் சாதாரண ஷார்ட்கட்டைத் தடம் என்று எண்ணி எந்தக் கிளீனரும் துடைப்பதில்லை.

இதில் மிச்சமான இடம் எவ்வளவு தெரியுமா? அந்த ஃபைல் சில கேபி-தான். ஒரு கல்யாணப் பத்திரிகையை ஸ்கேன் செய்தால் அதைவிடப் பெரிய ஃபைல் வரும். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மெஷின் மெதுவாக இருந்தால் ராம் எவ்வளவு, பழைய சுழலும் ஹார்டு டிஸ்கா எஸ்எஸ்டி-யா, ஸ்டார்ட் ஆகும்போது எத்தனை புரோகிராம் கூடவே எழுகிறது என்று பாருங்கள். இடம் வேண்டும் என்றால் விண்டோஸிலேயே ஸ்டோரேஜ் சென்ஸ் இருக்கிறது. டெம்பரரி ஃபைல்களை அது பார்த்துக்கொள்ளும்.

சர்வீஸ் பார்க்கும் தம்பிகளுக்கு: அடுத்தவர் வீட்டுப் பெட்டகத்தைக் கேட்காமல் திறந்து ஒழுங்குபடுத்துவோமா? கம்ப்யூட்டரும் அப்படித்தான். கேட்ட வேலையை மட்டும் செய்யுங்கள். வேறு எதையும் ஓட்டுவதற்கு முன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அழகப்பா பல்கலைக்கழக மாணவர்: லினக்ஸ் மின்ட்டில் நீமோவில் போட்ட புக்மார்க் துனாரில் தானாக வருகிறது, டால்ஃபினில் வரவில்லை. ஏன்?

கேள்வியை ஒழுங்காகக் கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். நீமோ, துனார், நாட்டிலஸ் என்ற மூன்று ஃபைல் மேனேஜர்களும் ஜிடிகே என்ற ஒரே நிரல் தொகுப்பை வைத்துக் கட்டிய குடும்பம். உங்கள் ஹோமில் கான்ஃபிக் ஃபோல்டருக்குள், ஜிடிகே-3.0 ஃபோல்டரில் இருக்கும் புக்மார்க்ஸ் என்ற ஒரே டெக்ஸ்ட் ஃபைலைத்தான் அவை படிக்கின்றன. டால்ஃபின் கேடிஈ என்ற வேறு டெஸ்க்டாப் குடும்பத்தைச் சேர்ந்தது. அது யூசர்-பிளேசஸ் என்ற தன் சொந்த ஃபைலைப் படிக்கும். முதல் ஃபைலில் ஒரு வரிக்கு ஒரு முகவரி, ஓர் இடைவெளி விட்டுப் பெயர். கையாலேயே திருத்தலாம். ஃபோல்டர் பெயருக்குள் இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் சதவீதக் குறியும் 20-உம் வரும், மறக்காதீர்கள். விண்டோஸ் 7 காலத்து எளிமை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

காரைக்குடி, கண்டாங்கிச் சேலை டிசைனர்: மேக்கில் ஃபைண்டர் சைடுபாரை வேறு மேனேஜரில் கொண்டுவர முடியுமா?

அந்தப் பட்டியலும் நேராகப் படிக்க முடியாத ஃபைலில்தான் இருக்கிறது. பெரும்பாலும் ஃபோல்டர்களைக் கையால் இழுத்துப் போட வேண்டியிருக்கும். முகப்பு முறையை ஏலியாஸ் (மேக்கின் ஷார்ட்கட்) வைத்துச் செய்யுங்கள்.

குன்றக்குடியிலிருந்து ஓர் ஆச்சி: மகன் சிங்கப்பூரில். பேத்தி படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவான். போனில் ஃபைல் மேனேஜரில் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன். புது போன் வாங்கித் தருகிறான், நட்சத்திரம் போட்டது எல்லாம் கூடவே வந்துவிடுமா தம்பி?

வரும் என்று நம்பி உட்காராதீர்கள் ஆச்சி. நட்சத்திரம் அந்த ஆப்புக்குள்தான் இருக்கிறது. படத்தோடு ஒட்டிக்கொண்டு போகாது. ஷார்ட்கட் நகல் ஆகாது என்று மேலே ஸ்டுடியோக்காரருக்குச் சொன்னேனே, நட்சத்திரமும் அப்படித்தான். கோட்டையூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான்: அந்த ஊர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களை, அவர் காலத்துக்குப் பிறகு 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் தமிழ்நாட்டிலேயே வைப்பதற்காக. சென்னைக்கு அவ்வளவு புத்தகங்களும் போனதால்தான் அங்கே நூலகம் எழுந்தது. பெயர்ப் பட்டியல் மட்டும் போயிருந்தால் என்ன பயன்?

பழைய போனை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். படங்கள் ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப் என்று ஆழத்தில் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது கூப்பிட்டு, அந்த ஃபோல்டரை முழுதாக ஒரு பென் டிரைவில் காப்பி செய்யச் சொல்லுங்கள். பத்து இருபது படத்தை நீங்களே திறந்து பார்த்த பிறகு புது போனுக்குப் போங்கள்.

ஆத்தங்குடி, தளப் பட்டறை: ஷார்ட்கட்டுக்குப் பதில் ஜங்ஷன் போட்டால் எல்லா ஃபைல் மேனேஜரிலும் ஃபோல்டராகவே தெரிகிறதே, அது மேல் இல்லையா?

ஜங்ஷன் என்பது ஓர் அசல் ஃபோல்டரை இன்னோர் இடத்திலும் ஃபோல்டராகவே காட்டும் இணைப்பு. விவரம் தெரிந்தவருக்கு மேல்தான். எம்கே-லிங்க் கட்டளையில் ஜே போட்டுச் செய்திருப்பீர்கள். இரண்டு விஷயம் கவனியுங்கள். சில பேக்கப் புரோகிராம்கள் ஜங்ஷனுக்குள்ளும் நுழைந்து அதே டிசைன் ஃபைல்களை இரண்டு தடவை எடுக்கும். உள்ளே நுழைந்து நின்றுகொண்டு நீங்கள் எதை அழித்தாலும் அழிவது அசல்தான். பட்டறையில் நாலு பேர் தொடும் கம்ப்யூட்டர் என்றால் ஷார்ட்கட்டே போதும்.