மாதச் சம்பளக் குடும்பம் சேமிப்பை எங்கே தொடங்குவது?

மாதம் 25,000 ரூபாய் வருமானத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை, சேமிப்பை எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் குடும்பக் கணக்கைக் குலைப்பவை அரிசி, பால் போன்ற அன்றாடச் செலவுகள் அல்ல. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணிமணி, வண்டிக் காப்பீடு என ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வந்து நின்று, கைமாற்று வாங்க வைக்கும் செலவுகளே. இவை ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்றால், 12 ஆல் வகுத்து, சம்பளம் வந்த அன்றே 2,500 ரூபாயைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தையும் இப்படியே பாதியாகப் பிரித்து வையுங்கள்.

ஒதுக்கிய பணத்தை வங்கியில் ஓராண்டு ஆர்.டி. (மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டும் தொடர் வைப்பு) கணக்காகப் போடலாம். அஞ்சலக ஆர்.டி.யை மாதம் 100 ரூபாயிலேயே தொடங்க முடியும் என்றாலும், அதன் காலம் 5 ஆண்டு என்பதாலும், 3 ஆண்டு முடியும் முன் கணக்கை முடிக்க இயலாது என்பதாலும், அது பிள்ளைகளின் மேற்படிப்பு போன்ற தொலைவான தேவைக்கே ஏற்றது. பதிவு பெறாத தீபாவளிச் சீட்டை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நடத்துபவர் கைவிரித்தால் பணத்தை மீட்பது மிகக் கடினம், வங்கி வைப்புக்கோ வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.