வார்டிலிருந்து டெல்லி வரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்கு மீன் வியாபாரம். கவுன்சிலராகத் தொடங்கி எம்.பி. ஆவதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு நடக்கிற காரியமா?
– ஒரு மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: நடக்கும்மா. நடந்திருக்கிறது. திரௌபதி முர்மு 1997இல் ஒடிசாவின் ராய்ரங்பூர் என்கிற சின்ன ஊரில் கவுன்சிலர். 2000இல் எம்.எல்.ஏ., 2015இல் ஜார்க்கண்ட் ஆளுநர், 2022இல் குடியரசுத் தலைவர். விலாஸ்ராவ் தேஷ்முக் லாத்தூர் பக்கம் பாபல்காவ் கிராமத்தில் ஊராட்சித் தலைவராக இருந்தவர். முதல்வராகி, மாநிலங்களவைக்குப் போய், மத்திய அமைச்சரும் ஆனார். இன்னும் பின்னால் போனால், அகமதாபாத் நகராட்சியில் படேல், சேலம் நகராட்சியில் ராஜாஜி. சாக்கடையையும் குடிநீரையும் பார்த்த பிறகுதான் அவர்கள் நாட்டைப் பார்க்க வந்தார்கள்.

உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும். மக்களவைக்கு 25 ஆக வேண்டும். நடுவில் இருக்கிற அந்த நாலு வருஷத்தை வீணாக்காதே.

நான் ஒரு நகராட்சியில் மன்றக் கூட்டங்களுக்கு அஜெண்டா தயாரித்து, தீர்மானப் புத்தகம் எழுதும் வேலையில் இருந்தவன். கடலோர வார்டிலிருந்து ஒரு அம்மா வருவார். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. எந்தத் தெருவில் எந்தக் குழாய், எந்தக் கம்பத்தில் பல்பு இல்லை, யாரிடம் என்றைக்குச் சொன்னது, எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை பம்ப் மோட்டார் பழுது பார்த்த செலவு மன்றத்தின் அனுமதிக்கு வந்தது. எல்லாரும் “அனுமதிக்கலாம்” என்றபோது அவர் மட்டும் எழுந்தார். “ரிப்பேருக்குப் போனதா சொல்ற தேதியில அந்த மோட்டார் எங்க தெருவுல ஓடிட்டிருந்துச்சே சார், நான் தண்ணி பிடிச்சேனே” என்று நோட்டைப் பிரித்துக் காட்டினார். அந்தப் பொருள் ஒத்திவைக்கப்பட்டது. அதைப் புத்தகத்தில் எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது, சந்தோஷத்தில்.

மக்களவையில் ஒரு கேள்வி கேட்க 15 நாள் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாய்மொழிப் பதிலுக்கு ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான், அதுவும் குலுக்கலில். அங்கே போய் என்ன கேட்பது என்று யோசிக்கிறவரால் ஊருக்கு ஒன்றும் ஆகாது. அந்த அம்மா போயிருந்தால் அமைச்சர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லியிருப்பார். கட்சியும் பணமும் வேண்டாம் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன், இரண்டும் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த நோட்டுப் பழக்கத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

கேள்வி: எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் யார் என்று என் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. புதுச்சேரிக்கு மட்டும் ஏன் இப்படி?
– வாசகர், முதலியார்பேட்டை

பதில்: இதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது. 1968க்குப் பிறகு அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான், 38 வருஷம் கழித்து. அப்போது வந்தவர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதி அறிவித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. ஐந்து நகராட்சி, பத்துக் கொம்யூன் பஞ்சாயத்து (கிராமப்புற உள்ளாட்சி). கவுன்சிலர் இல்லாமல் அதிகாரிகளே நிர்வாகம் பார்த்தார்கள். காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்து மக்களவையில் ஒரே ஒரு இடம்தான். அந்த ஒருவர் எங்கே பழகி வர வேண்டும்? ஏணியின் முதல் படியை எடுத்துவிட்டால் மாடிக்கு யார் போவார்கள்? ஏற்கெனவே மாடியில் இருப்பவர்களின் வீட்டுப் பிள்ளைகள் போவார்கள்.

இத்தனைக்கும் இது எந்த ஊர்? 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பேர், பிரதிநிதி சபையையும் நகராட்சி மன்றங்களையும் சேர்ந்தவர்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். எந்த நாட்டில் இருப்பது என்பதையே முடிவு செய்தவர்களில் உள்ளூர் உறுப்பினர்கள் இருந்தார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1951இல் பாரீஸ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான எதுவார் குபேர்தான் இங்கே மேயராகவும் இருந்தார், 1963இல் முதலமைச்சரும் ஆனார். பெரிய மார்க்கெட்டுக்குப் போனால் அவர் பெயரைப் பார்க்கலாம். உங்கள் பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழூர் நினைவிடத்துக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: எம்.எல்.ஏ. ஒருவர் எம்.பி. ஆகிவிட்டால் இரண்டிலும் இருக்கலாமா?
– வாசகர், நெய்வேலி

பதில்: முடியாது. 14 நாளுக்குள் சட்டமன்றப் பதவியை விட வேண்டும். விடாவிட்டால் எம்.பி. பதவி காலியாகிவிடும்.

கேள்வி: எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மருமகளை நிறுத்தலாம் என்று இருக்கிறோம். “அவள் கையெழுத்துப் போடட்டும், கூட்டத்துக்கு நான் போகிறேன்” என்கிறான் மகன். சரிதானே?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: சரியில்லை, தாயே. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் செய்தது, அவர்கள் போய் உட்கார்ந்து பேசுவதற்கு. கடலூர் மாநகராட்சியில் 45 வார்டு. அத்தனை பேருக்கு நடுவில் முதல் தடவை எழுந்து பேசும்போது மருமகளுக்குக் குரல் தடுமாறும். மூன்றாவது கூட்டத்தில் சரியாகிவிடும். மகனிடம் கூட்ட நாளன்று குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருமகளிடம் இப்போதே உங்கள் வார்டின் தெருக்களை நடந்து பார்த்துவரச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதிலிருந்து தொடங்கட்டும்.