முடங்கிய ஐ.இ.சி. எண்: புதிதாக விண்ணப்பிக்க வேண்டாம்

பனையோலைப் பெட்டிகளை ஏற்றுமதி செய்யும் உங்கள் ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்வோருக்கான அடையாள எண்) முடங்கிவிட்டதால், புதிதாக விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். புதிய எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். ஒரு பான் எண்ணுக்கு ஒரே ஐ.இ.சி.தான் என்பதால், முடங்கியதாகக் காட்டும் உங்கள் பழைய எண்ணையே டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) இணையதளத்தில் புதுப்பித்து, பனையோலைப் பெட்டிகளை அனுப்பலாம்.

மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும் என்ற 2021ஆம் ஆண்டு விதியைத் தவறவிட்டதால் எண் முடங்கியிருக்கலாம்.

முதலில், பதிவிலுள்ள கைப்பேசி எண் யாருடையது என்று பாருங்கள். பெண்கள் பெயரிலுள்ள பதிவுகளில் முகவரின் எண்ணோ அண்ணனின் எண்ணோ இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன், ஓ.டி.பி. அங்கே போய்விடுவதால், தொழிலுக்கு உரிமையாளரான பெண் ஒவ்வொரு முறையும் அவர்களிடம் கேட்டு நிற்க வேண்டியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. உடனே உங்கள் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏற்றுமதிக் கடமை (வரிச்சலுகையில் இறக்குமதி செய்ததற்கு ஈடாக ஏற்றுமதி செய்வதாக ஏற்ற பொறுப்பு) நிறைவேறாததால் எண் முடக்கப்பட்டிருந்தால் மட்டும் இணையதளத்தில் புதுப்பிப்பது போதாது. டி.ஜி.எஃப்.டி.யின் மண்டல அலுவலகத்தை அணுக வேண்டும்.