தாளில் எழுந்த குவிமாடம்

அன்புள்ள ஐயா,

பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பிரனேசி செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட ரோம் நகரப் படங்களைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஏம்ப்பா, கோயில் முன்னாடி ஆளுங்க எறும்பு மாதிரி இருக்காங்க?” என்றாள் மகள். இறைவன் முன் மனிதன் சிறியவன் என்றேன். இப்படிப்பட்ட படங்களை அதிகாரம் என்று உங்கள் கட்டுரையில் நீங்கள் எழுதியது பக்தியைக் கொச்சைப்படுத்துவது இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மகளுக்கு என் அன்பு. அவள் படத்தைப் பார்க்கிறாள். நீங்கள் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறீர்கள். பக்தியா அதிகாரமா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. ஆளை எறும்பாக்கியது செப்புத்தகட்டில் ஊசி பிடித்த கை. அவ்வளவுதான்.

சில நாட்களாக என் மேஜையில் கிடப்பது வேறொரு படம். வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்துக்கு மைக்கலாஞ்சலோ வகுத்த வடிவத்தை 1569 வாக்கில் எத்தியேன் துபேராக் என்ற பிரெஞ்சுக் கலைஞர் செதுக்கி அச்சிட்டது. அரைக்கோளமாக முழுக் குவிமாடம். மைக்கலாஞ்சலோ இறந்தது 1564இல். படம் வந்தபோது அங்கே நின்றது குவிமாடத்தைத் தாங்கவேண்டிய வட்டச்சுவர் மட்டும், மேலே வானம். தாளில் மட்டும் வேலை முடிந்துவிட்டது! 1590இல் கட்டடக் கலைஞர் தெல்லா போர்த்தா நிஜமாகவே குவிமாடத்தை மூடியபோது அது படத்திலிருப்பதைவிட உயர்ந்து கூம்பியிருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஃபால்தா என்பவர் செதுக்கிய படமோ இன்னும் மோசம். பேராலயத்தின் முன்னே பெர்னினி வகுத்த சதுக்கத்துக்கு அதில் மூன்றாவது தூண்வரிசை உண்டு. அதைக் கட்டவே இல்லை.

கல்லில் கட்டப் பணம் வேண்டும், பல போப்புகளின் ஆயுள் வேண்டும். தாளுக்கு ஒரு தகடு போதும். அச்சாகி அச்சாகி, ரோமையே பார்க்காதவன் வீட்டுச் சுவரில் ஏறிவிடும். நான் அதிகாரம் என்றது இதை. கட்டுரையைப் பாதிவரை படித்துவிட்டுக் கடிதம் எழுதினால் இப்படித்தான்.

இருபது வயதில் நானும் அப்படியொரு படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தேன். பல வருடம் கழித்து அந்தச் சதுக்கத்தில் நின்றேன். முகப்பை நோக்கி நடக்க நடக்கக் குவிமாடம் இறங்கிக்கொண்டே போனது. பதினேழாம் நூற்றாண்டில் மதெர்னோ என்ற கட்டடக் கலைஞர் முன்னால் நீட்டிக் கட்டிய பகுதி அதை விழுங்குகிறது. என் சுவரிலிருந்த குவிமாடத்தைத் தேடிப் பின்னாலேயே நகர்ந்து ஒரு கிழவரின் காலை மிதித்துவிட்டேன். நீளமாகத் திட்டினார். நல்லவேளை, மொழி தெரியாது.

கைபேசியை மூடுங்கள். நல்ல அச்சும் ஒரு பூதக்கண்ணாடியும் மகளிடம் கொடுங்கள். அந்த எறும்புகளில் எத்தனை பேர் கோயிலைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லட்டும்.